கவிநிலா பேரில்

ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தபோது தலை கிறுகிறுத்தது. விடிந்ததிலிருந்து ஊதிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தில் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, ஊதா நிற போஸ்டர் கலர், நுரை சட்டென்று அமுங்காமல் இருக்க ஒரு சிட்டிகை சர்க்கரை. இவ்வளவுதான் சரக்கு. ஸ்ட்ராவை அடியில் வைத்து நிதானமாக ஊதினால் குமிழி மேல் குமிழியாக ஏறி விளிம்பைத் தாண்டி நிற்கும். அந்த நேரம் பார்த்து வெள்ளைத் தாளை இரண்டு ஓரத்திலும் பிடித்து, தொட்டும் தொடாமலும் நுரை மேல் இறக்கி எடுக்க வேண்டும். அழுத்தினால் எல்லாம் சேர்ந்து கறையாகிவிடும். சரியாக இறக்கினால் குமிழிகள் தாளில் உடைந்து வளையம் வளையமாகத் தடம் விடும். அது காய்ந்த பிறகு வேறு நிறத்தில் இன்னொரு முறை. கடைசியில் ஸ்பான்ஜ். பாத்திரம் தேய்க்கிற ஸ்பான்ஜை நாலாக நறுக்கி, வண்ணத்தில் தோய்த்து, பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, தாளின் ஓரமெல்லாம் தட்டிக்கொண்டே வர வேண்டும். அந்தக் காலை நான் செய்து முடித்தவை முப்பத்தாறு. தேவை முப்பத்திரண்டு. நாலு, கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று.

இதுதான் என் பிழைப்பு. ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்கு அட்டை போட இந்தத் தாள்களைக் கொடுக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்கிப்போவார்களாம். கடைக்காரர் சொல்வார், நான் பார்த்ததில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு வீட்டின் முன் அறையில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரம்மா ராணியம்மாள் பின்கட்டில். அவர் ஊரில் இல்லாவிட்டால் என்னிடம் பேச ஆள் கிடையாது. சில நாட்களில் நான் வாயைத் திறப்பதே ஊதுவதற்குத்தான். போகப்போகப் பழகிவிடும் என்று என் அக்கா போனில் சொன்னாள். அவள் வீட்டில் ஏழு பேர். சொல்வதற்கென்ன.

முப்பத்திரண்டு தாள்கள் கடைக்கு இல்லை. என் மகள் கவிநிலாவுக்கு. வெள்ளிக்கிழமை அவளுக்கு எட்டு வயது முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா போனிலிருந்து கூப்பிட்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். அழுதுவிடக்கூடாது என்று சுவரில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

"அம்மா, பர்த்டேக்கு எனக்கு சாக்லேட் வேணாம்மா. எல்லாரும் அதான் குடுக்கறாங்க. நான் நோட்டு குடுக்கப் போறேன். நாம பண்ணுவோமே பபுள் பேப்பர், அதுல அட்டை போட்டு. நோட்டு அப்பா வாங்கிட்டாரு, அட்டைய கிளாஸ்லயே போட்டுக்குவோம். எங்க கிளாஸ்ல முப்பத்திரண்டு பேரு. நீயே எடுத்துட்டு வாம்மா ஸ்கூலுக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துத்தான் நான் மூன்று நாள் வேலை செய்தேன். நீயே எடுத்துட்டு வா. இளநீலப் புடவையைத் துவைத்துத் தேய்த்து வைத்தேன். கீழ்பென்னாத்தூருக்கு எத்தனை மணிக்கு முதல் பஸ் என்று, தெரிந்த விஷயத்தையே, இரண்டு பேரிடம் கேட்டு வைத்தேன்.

நானும் குமரேசனும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பார். எனக்கு வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. ஒரு நாள் மாமியாரோடு பேச்சு முற்றி, ஒரு பையில் நாலு துணியை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்று நாளில் யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. எனக்கும் தானாகத் திரும்பிப்போக மனசு வரவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பிள்ளையின் படிப்பு கெடக்கூடாது, அவள் அங்கேயே இருக்கட்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு நான் பார்க்கலாம் என்று முடித்தார்கள். பார்த்துவிட்டு அனுப்பும்போதெல்லாம் அவளுக்கு ஜுரம் வந்தது. கடைசியில் மே மாதத்தோடு அதுவும் நின்றுபோனது. நிறுத்தியது குமரேசன். சரி என்று தலையாட்டியது நான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் வாய் எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

புதன்கிழமை பௌர்ணமி. மதியத்திலிருந்தே பாதையில் கூட்டம் இறங்கிவிட்டது. மாதா மாதம் ராணியம்மாள் கேட்டுக்கு வெளியே ஒரு நீள மேஜை போட்டு, மேலே நீலத் தார்ப்பாய் கட்டி, நடந்து வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுப்பார். பதினோரு வருடமாகக் கொடுக்கிறார். இந்த முறை மகளின் பிரசவத்துக்குச் செய்யாறு போய்விட்டார். மேஜையும் பாயும் ஆட்கள் வழக்கம்போல் போட்டுவிட்டுப் போனார்கள். காலியாகக் கிடந்தது. என் அறைக்குள் முப்பத்தாறு ஈரத் தாள்களைப் பரப்ப இடமில்லை, கொடியில் போட்டால் ஓரம் சுருண்டுவிடும். மேஜையில் வரிசையாகப் பரப்பி, பறக்காமல் இருக்கத் தாளுக்கு ஒரு கூழாங்கல் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஊதாவும் பச்சையும், ஓரமெல்லாம் மஞ்சள். பெருமையாக ஒரு போட்டோ எடுத்தேன், யாருக்கும் அனுப்பவில்லை.

உள்ளே வந்து ஸ்பான்ஜுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குமரேசன்.

"வினோ, பேப்பர் ரெடியா?"

"காயுது. ஆயிடுச்சுங்க." பிரிந்த பிறகும் அவரிடம் எனக்கு வாங்க போங்கதான் வருகிறது.

"நாளைக்கு காலையில நம்ம வளவன் அந்தப் பக்கம் லோடு எடுத்துட்டு வர்றான். வேன்லயே குடுத்துடு."

"பாப்பா என்ன எடுத்துட்டு வரச் சொன்னாளே."

 அவர் தணிந்த குரலில் சொன்னார். "சின்னப் புள்ள, சொல்லத்தான் செய்யும். நீ வந்துட்டுப் போனா நாலு நாளைக்கு சாப்பாடு எறங்காது அவளுக்கு. ராத்திரியெல்லாம் ஒக்காந்துனு இருக்கறவன் நானு. பொறந்த நாளும் அதுவுமா வேணாம் வினோ. நான் பாப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னானு சொன்னீங்க?"

"அம்மாவுக்கு வேல இருக்குதுனு."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். கழுவிய ஸ்பான்ஜையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். மஞ்சள் போய் வெறும் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு வேலை இருக்கிறது. முப்பத்தாறு தாளும் அவளுக்காக ஊதிய வேலைதான்.

வெளியே வந்தபோது மேஜைக்கு முன் வரிசை நின்றிருந்தது. பதினைந்து இருபது பேர். பின்னால் இன்னும் சேர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பௌர்ணமியன்று இந்தப் பாதையில் மேஜை போட்டு எதை வைத்தாலும் அது கொடுப்பதற்குத்தான். வரிசையில் நிற்க வேண்டும், ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். யாரும் திருடவில்லை. ஒழுங்காக, ஒவ்வொருவராக, கூழாங்கல்லை நகர்த்தி ஒரு தாளை எடுத்துவிட்டுக் கல்லை மேஜை ஓரத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் அதை மடித்து விசிறிக்கொண்டே நடந்தார். இன்னொருவர் சுருட்டிப் பைக்குள் செருகினார். பாதிக்கு மேல் போயிருந்தது.

"இன்னாம்மா, இந்த வாட்டி மோர் இல்லியா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வையுங்கடா கீழே என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் வரிசையில் முதலில் நின்ற பெண் இரண்டு கையையும் ஏந்தி நீட்டினாள். என் வயதுதான் இருக்கும். கால் நிறையப் புழுதி. வெறுங்காலோடு நடந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"யார் பேர்லம்மா குடுக்கறீங்க?"

இங்கே அப்படிக் கேட்பது வழக்கம். இறந்த அப்பா பேரில் கொடுப்பார்கள், வேலை கிடைத்த மகன் பேரில் கொடுப்பார்கள். வாங்குகிறவர் பேரைக் கேட்டு, நன்றாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடப்பார். ராணியம்மாளிடம் ஆயிரம் பேர் கேட்டு நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. கொடுக்க என்னிடம் என்ன இருந்தது.

"கவிநிலா," என்றேன். "என் பொண்ணு. வெள்ளிக்கெழம பொறந்த நாளு."

"எத்தினி வயசு?"

"எட்டு."

ஒரு தாளை எடுத்து அவள் கையில் வைத்தேன். நானே எடுத்து வைத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கவிநிலா நல்லா இருக்கணும். நூறு வயசு இருக்கணும்," என்றாள். பின்னால் நின்றவருக்கும் கேட்டுவிட்டது. அவரும் "கவிநிலாவா, நல்ல பேரு, நல்லா இருக்கட்டும்" என்றார். அவருக்கும் கொடுத்தேன். இரண்டு வருடமாக அந்தப் பேரை நான் சத்தமாகச் சொன்னதே அறைக்குள் தனியாகத்தான். இப்போது முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. இன்னும் ஒருவர், இன்னும் ஒருவர் என்று கொடுத்துக்கொண்டே போனேன். உள்ளே ஓடிப்போய், வளையம் சரியாக விழாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒன்பது தாள்களையும் எடுத்து வந்து கொடுத்தேன். பேர் கேட்காமல் வாங்கிய ஒரு ஆளிடம் நானாகவே, கவிநிலா பேரில் என்று சொன்னேன்.

தாள் தீர்ந்தது. வரிசை கலைந்து பாதையோடு கலந்துவிட்டது. மேஜையில் கூழாங்கற்கள் மட்டும் இருந்தன. அப்போதுதான் உறைத்தது. என் மகள் வாய் விட்டுக் கேட்ட ஒரே பொருள். அதை ஊருக்கு வாரிக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். விடிந்தால் வளவன் வேனோடு வந்து நிற்பான். வெயில் சாய்ந்துவிட்டது. இனி ஊதினால் முதல் நிறம் காயவே நாளை வெயில் வேண்டும், பிறகு இரண்டாவது, பிறகு ஸ்பான்ஜ், பிறகு கனத்தை ஏற்றி இரவெல்லாம் அழுத்தி வைத்தால்தான் தாள் நிமிரும். எப்படிக் கணக்குப் போட்டாலும் வெள்ளிக்கிழமை விடியற்காலைதான். வெள்ளிக்கிழமை விடியற்காலை வேன் வராது.

நானே போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் மணிலா சலிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதை நிறுத்தினார்கள்.

"வேணும்னே பண்ணியா வினோ?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் நம்பியும் இருப்பார்.

"பாதி எனக்குத் தெரியாம போச்சுங்க. மிச்சத்த தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"ஏன்?"

"பாப்பா பேரக் கேட்டாங்க."

 அவர் போனை வைக்கவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"பேப்பர் நான் பண்ணிடுவேன்," என்றேன். "முப்பத்திரண்டும் பண்ணிடுவேன். ஆனா வெள்ளிக்கெழம காலையிலதான் ஆவும். எடுத்துட்டு வர வேற ஆளு இல்லீங்க. நான்தான் இருக்கேன்."

 நான் சண்டையை எதிர்பார்த்தேன். கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று எதிர்பார்த்தேன். அதைச் சொன்னால் தீர்ந்தது.

"ஒம்பதேகாலுக்கு மேல ஸ்கூல் கேட்ட சாத்திடறாங்க," என்றார். போன் கட்டாகிவிட்டது.

வா என்றாரா, வராதே என்றாரா, தாளை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போ என்றாரா. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது. கடைக்காக வாங்கி வைத்திருந்த தாள் கட்டைப் பிரித்தேன். கிண்ணத்தில் புதுத் தண்ணீர் பிடித்து, சோப்பும் வண்ணமும் கலந்து, ஸ்ட்ராவை வைத்து ஊதினேன். மூச்சு நடுங்கியதில் முதல் இரண்டு தடவை நுரை ஏறவில்லை. மூன்றாம் தடவை ஏறியது. தாளை இறக்கி எடுத்தேன். இருபது முப்பது வளையங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஈரமாக விழுந்திருந்தன.

வெளிச்சம் இருக்கும்வரை காற்றாவது படட்டும் என்று அதை இரண்டு கையாலும் ஏந்தியபடி கேட்டுக்கு வந்தேன். மேஜையில் இடமில்லை. நடந்து வந்த ஒரு பெண் கூழாங்கற்களை ஒதுக்கிவிட்டுத் தன் மகளை அதன் மேல் உட்கார வைத்திருந்தாள். ஆறு ஏழு வயதிருக்கும். பாதத்தில் கொப்புளம். அம்மா அந்தக் காலைத் தன் உள்ளங்கையில் தாங்கி, குனிந்து, மெல்ல மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தாளிலிருந்து ஊதா நிறம் ஒரு சொட்டு என் மணிக்கட்டில் இறங்கியது. நான் நகரவில்லை. அவள் ஊதி முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.