நாலு கல் இடம்

இஸ்திரி போடுகிறவள் வீட்டுக் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போன மறுநாளிலிருந்து, அவள் முழங்கால் போட்டு ஜெபித்த மூலையில் மட்டும் மழை விழவில்லை. இடம் அதிகமில்லை, தரையில் பதித்த நான்கு கல் அளவு. புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊரார் துணி நனைந்தால் வேலை போகும், வேலை போனால் இரண்டு பெண்பிள்ளைகளின் சோறு போகும். ஆகவே மேசையை அந்த மூலைக்கு இழுத்துப் போட்டு, "ஆண்டவரே, நான்தான். இன்னைக்கும் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் கரி நிரப்பினாள். சுற்றிலும் கொட்டியது; சட்டைகள் மொறமொறவென்று வீடு போய்ச் சேர்ந்தன.

சபைச் செயலாளரை ஊரில் முன்வரிசையார் என்பார்கள். முதல் பெஞ்சைத் தவிர வேறெதிலும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்லறைத் தோட்டத்திலும் முன்வரிசையில் இடம் சொல்லிவைத்திருந்தார். ஓர் அற்புதம் தன்னைக் கேட்காமல் அவள் குடியிருந்த மேட்டுச் சந்துக்குள் நடப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. கமிட்டி கூடியது. ஆலயமும் ஒழுகிக்கொண்டிருந்ததால், அற்புதத்தை அங்கே மாற்றுவதென ஒருமனதாகத் தீர்மானித்து, கடப்பாரையோடு வந்து நான்கு கற்களையும் பெயர்த்தார்கள். "கல்லுல என்னண்ணா இருக்கு?" என்றாள் அவள். "உனக்குப் புரியாதும்மா. இது நிர்வாக விஷயம்" என்றார் முன்வரிசையார்.

கற்கள் பீடத்தருகே பதிக்கப்பட்டன. அவற்றின்மேல் மண்டியிட்டு, தான் ஆலயத்துக்கு வாங்கிக் கொடுத்த மின்விசிறி, மணி, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அவர் ஆண்டவருக்கு வரிசையாக நினைவூட்டினார். ஒலிபெருக்கிக்கு வரும்போது முதுகில் ஒழுகத் தொடங்கியது; ஆமென் வருவதற்குள், அவள் தேய்த்துக் கொடுத்த கஞ்சி ஜிப்பா கூழாகியிருந்தது. அதே நேரத்தில் அவள் கல் போன வெறும் மண்ணில் முழங்கால் போட்டிருந்தாள். நனையவில்லை.

அடுத்த மழையில் ஆற்று வெள்ளம் முன்வரிசையார் வீட்டை அடித்துக்கொண்டு போனது. அவரும் மனைவியும் ஒரு தலையணையோடு அவள் வாசலில் வந்து நின்றார்கள். "உள்ள வாங்கண்ணா. பெட்டி சுடும், பார்த்து" என்றாள். மனைவி நுழைந்ததும் காய்ந்த இடம் ஓர் ஆள் அளவு விரிந்தது. அவர் நுழைந்தபோது, அளவெடுத்துத் தைத்ததுபோல, அவர்மேல் மட்டும் மழை பெய்தது. "சபைச் செயலாளராகிய அடியேன்" என்று ஜெபத்தை ஆரம்பித்தார். மழை வலுத்தது. "உங்க பதவி அவருக்குத் தெரியும். விஷயத்தைச் சொல்லுங்க" என்றாள் மனைவி. அவர் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். பிறகு, "பயமா இருக்குப்பா" என்றார். இடம் மறுபடி விரிந்தது. ஆள் பருமன் என்பதால் இம்முறை சற்றுக் கூடுதலாகவே.

தண்ணீர் வடிந்தபின் கமிட்டி அவள் வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது. ஓடு அடுக்கியவர்கள் அந்த மூலைக்கு வந்ததும், "அங்க வேண்டாம்ணா, அங்கதான் ஏற்கெனவே இருக்கே" என்று கீழிருந்து கையாட்டினாள். மிச்ச ஓடுகளை ஆலயத்துக்கு எடுத்துப் போனார்கள். முதல் பெஞ்சுக்கு மேலே ஒழுகிய இடத்துக்கு அவை கச்சிதமாகப் பொருந்தின.