ஒரு நூலளவு

நோர்வேயிலிருந்து வந்த கடிதத்தை வாசித்த நாளிலிருந்து தனஞ்சயனுக்கு வயிறு எரிந்தது. வெள்ளவத்தை ஆய்வுகூடத்தின் அளவுகள் வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றோடொன்று ஒத்துவந்தால், அவற்றை அளக்கும் உதவியாளர் ரூபிகாவுக்கு நோர்வேயில் மூன்று வருடப் படிப்பும் சம்பளமும் கிடைக்கும். மருதானைப் பட்டறைகளில் ஏறி இறங்கி மோட்டார் தேடி, அந்த அளக்கும் மெஷினைச் செய்த தனஞ்சயனின் பெயர் கடிதத்தில் எங்கும் இல்லை. பட்டம் இல்லாதவனின் பெயரை யார் எழுதுவார்கள்?

மெஷினில் சுழல்வது சீடி அளவிலான ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதற்குள் மயிரிழை போன்ற வாய்க்கால்கள். நடுவில் கையால் ஒரு சொட்டுச் சிவப்பு நீரை விட்டுச் சுழற்றினால் நீர் விளிம்பை நோக்கி ஓடும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை விளக்கு மின்னும். அந்த மின்னலில் தட்டு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும், நீர் மட்டும் ஊர்ந்து போகும். மேலே இருக்கும் கமரா அதைப் படமெடுக்கும். படத்தில் நீர் போன தூரத்தை அளந்தால் அதன் வேகம் வந்துவிடும்.

படத்தில் தெரிவது உண்மையில் எத்தனை மில்லிமீற்றர் என்று அறிய, ரூபிகா தட்டின்மேல் ஒரு சின்ன அளவுகோலை வைத்து முதலில் படமெடுப்பாள். காலையில் ஒருமுறை. கவனமான பிள்ளைதான், ஆனால் ஒருமுறைதான்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் சாப்பிடப் போனதும், லென்ஸின் பெரிதாக்கும் வளையத்தைத் தனஞ்சயன் ஒரு நூலளவு திருப்பினான். படம் பெரிதானது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பின்னேர அளவுகளில் நீர் காலையைவிட வேகமாக ஓடியது. அவள் வீட்டுக்குப் போனதும் வளையத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். செவ்வாயும் புதனும் அப்படியே செய்தான். ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுக்க இவ்வளவு போதும்.

காலை அளவும் பின்னேர அளவும் ஒத்துவரவில்லையென்று புதன்கிழமை அவள் அழுதாள். மகள் நோர்வே போகிறாள் என்று கொட்டாஞ்சேனையில் தாய் ஊரெல்லாம் சொல்லிவிட்டாளாம். தனஞ்சயன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். சீனியும் அளவாகப் போட்டான், பாவி.

வியாழக்கிழமை ரூபிகா ஆய்வுகூடத் தலைவர் கனகசபாபதியிடம் போனாள்.

"சேர், மெஷினிலதான் ஏதோ பிழை."

இதைத் தனஞ்சயன் எதிர்பார்க்கவில்லை. பாம்பும் சாகவேண்டும், தடியும் முறியக்கூடாது என்றிருந்தவனுக்குப் பகீரென்றது. "நான் அளந்து காட்டுறன் சேர்" என்றான்.

எல்லோரும் பார்த்திருக்கக் காலையில் ஐந்து தடவை, பின்னேரம் ஐந்து தடவை அளந்தான். பத்தும் ஒத்துவந்தன. வளையத்தைத்தான் யாரும் தொடவில்லையே!

"மெஷின் பொய் சொல்லேல்ல, பிள்ளை" என்றார் கனகசபாபதி. ரூபிகா தலை குனிந்தபடி வெளியே போனாள். மற்றவர்களும் போனார்கள்.

கதவு சாத்தியதும் அவர் கறுப்பு டேப்பை எடுத்துத் தனஞ்சயனிடம் நீட்டினார். "உந்த வளையத்தைச் சுத்தி ஒட்டும். இனி அசையக் கூடாது."

தனஞ்சயன் டேப்பை வாங்கினான். "சேர்... எப்ப கண்டனீங்கள்?"

"செவ்வாய்க்கிழமை."

"பிறகேன் பேசாம இருந்தனீங்கள்?"

"அவள் போனா இந்தச் சம்பளத்துக்கு ஆர் வருவினம்? அவளின்ர அளவுகள் ஒத்துவரேல்லையெண்டு நாளைக்குக் காலமை நோர்வேக்கு எழுதப்போறன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத முடிவோட உமக்கும் வேலை இல்ல. மெஷின் திறமா ஓடுதெண்டு நீரே காட்டிப்போட்டீர். அதுக்கு ரெண்டு பேர் எதுக்கு? போறதுக்கு முதல் மெஷினை ஓட்ட அவளுக்குப் பழக்கிவிடும். நடந்ததைச் சொல்லுறதெண்டாலும் சொல்லும், எனக்கென்ன. பழி உம்மடதுதானே."

படிக்கட்டில் ரூபிகா காத்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"அண்ணா, உங்கட மெஷினைக் குறை சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் எங்க பிழை விட்டனான் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

இனி அவனுக்கு இழக்க எதுவுமில்லை. வேலை போய்விட்டது. கனகசபாபதியின் கடிதம் இன்னும் நோர்வேக்குப் போகவில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் அவளே இன்றிரவு நோர்வேக்கு எழுதுவாள், நாளை திரும்ப அளப்பாள், அடுத்த மாதம் விமானம் ஏறுவாள். அவள் ஏறிப்போக, தான் இங்கே காலி றோட்டில் வேலை தேடி அலைவதைத் தனஞ்சயன் நினைத்துப் பார்த்தான். அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"கை, பிள்ளை" என்றான், மிகவும் பரிவாக. "சொட்டு விடேக்க உமக்குக் கை நடுங்குது. முதல் நாளே கண்டனான். மனம் நோகும் எண்டுதான் சொல்லேல்ல."

"அப்பிடியா அண்ணா?"

"ஓம். சிலருக்கு அது பிறவியில வாறது. மாத்த ஏலாது."

ரூபிகா பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் பார்த்தாள். முதலில் அசையாமல் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவை நடுங்கத் தொடங்கின.