யாருடைய மூச்சு?

அந்த சிஸ்டர் மூன்று மாதம் பகல் டியூட்டி மட்டும் கேட்டு எழுதிக் கொடுத்ததற்குக் காரணம் ஓர் ஊசி. ஏழாம் கட்டிலுக்கு உரியதை ஒன்பதாம் கட்டில் பெரியவரின் கை வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். "எனக்குத்தான் காலையிலேயே போட்டாச்சேம்மா!" என்று அவர் கையை இழுத்துக்கொண்டதால் இரண்டு பேரும் தப்பினார்கள்.

இரண்டு நாள் காலை, மூன்று நாள் மாலை, நான்கு நாள் நைட் என்று சுற்றிச் சுற்றி அவள் உடம்புக்குக் கிழக்கு மேற்கு மறந்துவிட்டது. அவளுடைய பி.பி. மாத்திரையை எந்த வேளைக்கு எழுதுவது என்று டாக்டரே முழித்தார்.

டியூட்டி அட்டவணை நர்சிங் சூப்பிரண்டு அம்மாளின் கைவண்ணம். வார்டுகளில் அவருக்கு 'ராட்டினம்' என்று பெயர்.

"தூக்கமில்லன்னு வாயால சொன்னா ஆச்சா? ஆதாரம் வேணாமா?" என்றபடி ஒரு கைப்பட்டையை மாட்டிவிட்டார். தூக்கம், நாடி, மூச்சு எல்லாம் நேரத்தோடு அவர் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். "ஆறு மணி நேரத்துக்குக் குறைஞ்சா 'நிம்மதியாகத் தூங்குவது எப்படி' வகுப்பு. காலையில பத்து மணிக்கு. கட்டாயம்."

நைட் முடித்த கையோடு இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்தாள். கண் சொருகியவர்களைத் தட்டி எழுப்பி, தூக்கத்தின் அருமையை விளக்கினார்கள்.

மூன்றாம் நாள் டியூட்டிக்குக் கிளம்பும்போது பட்டையைக் கழற்றிக் கணவரின் மணிக்கட்டில் மாட்டினாள். விண்ணப்பம் கெடுமே என்றது மூளை. வகுப்பு நேரத்தில் தூங்கலாமே என்றது கண். கண் ஜெயித்தது.

"எனக்கு எதுக்கும்மா இது?"

"உங்க குறட்டை பக்கத்து வீட்டுக்கே கேக்குதாம். எனக்கும் சேத்துத் தூங்குங்க."

இரண்டே நாளில் அழைப்பு வந்தது.

"ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் தூக்கம்!" ராட்டினம் திரையைத் தட்டினார். "நைட் டியூட்டி நேரத்துல!"

சிஸ்டருக்குச் சுரீரென்றது. நைட் டியூட்டியில் இருப்பவள் ராத்திரித் தூக்கத்தைத் திருடலாமா?

ராட்டினம் குரலைத் தாழ்த்தினார். "வெளியே தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம். மணிக்கு முப்பது தடவை மூச்சு வேற நிக்குதாம். அப்படி நின்னா நீங்க என் முன்னாடி நிப்பீங்களா? மெஷின் கோளாறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பகல் டியூட்டி நாளைக்கே தர்றேன்."

பேனாவை வாங்கினாள். பகல் டியூட்டி! 'மெஷின்' என்று எழுதியதும் கை நின்றது.

முப்பது தடவை.

குறட்டைக்கு நடுவே கணவர் மூச்சு நின்று கிடந்ததை அவள் கவனித்ததே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேரும் படுத்து எத்தனை மாதமாயிற்று!

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். அது என் வீட்டுக்காரர் மூச்சு. உடனே அவரை அட்மிட் பண்ணணும்."

அட்மிட் செய்தார்கள். ஏமாற்றியதற்கு மெமோவும் வந்தது. கூடவே புது உத்தரவு: தூக்கப் பரிசோதனை அறையில் அந்த நோயாளியை ராத்திரி முழுக்கக் கண்காணிக்க வேண்டியவர், இந்த சிஸ்டரேதான். கையில் புதுப் பட்டை. கழற்ற முடியாத பூட்டோடு.

மூச்சு நிற்காமலிருக்க மாட்டிய முகமூடிக்குள்ளிருந்து கணவர் கேட்டார்: "நீ எப்பம்மா தூங்குவே?"

"காலையில பத்து மணிக்குங்க," என்றாள், அவர் மூச்சை எண்ணிக்கொண்டே. "வகுப்புல."