கப்டன் மேல் பொழிந்த கோதுமை மா

1865 ஆவணியில் அமெரிக்காவிலிருந்து டென்மார்க்கின் வைலே துறைமுகத்தில் வந்திறங்கிய கப்டன் லவ்ரிட்ஸ் பொய் சொன்னபோதெல்லாம் அவர் தலைமேல் மட்டும் கோதுமை மா பொழிந்தது. சின்னப் பொய்க்கு ஒரு கைப்பிடி. தனி ஆளாகப் பீரங்கி பிடித்த கதைக்கு இரண்டு சாக்கு. அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வென்ற வடபடையின் அதிகாரியாம். டென்மார்க்கோ முந்தின வருடம்தான் தன் சொந்தப் போரில் தோற்றிருந்தது. யாருடையதாவது ஒரு வெற்றி ஊருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. ஆகவே பெரிய மனிதர்கள் அவரை மேடையேற்றிக் குடை பிடித்து வீரம் கேட்டார்கள். மூன்றாம் கூட்டத்தில் குடையை விட்டுச் சாக்கோடு வந்தார்கள். முரட்டு மாவில் சுட்ட கறுப்புப் பாண் தின்ற ஊர் வெள்ளைப் பாண் தின்னத் தொடங்கியது. "கப்டன் ஐயா, சனிக்கிழமை மகளுக்குக் கலியாணம். குதிரைச் சண்டை ஒண்டு சொல்லுங்கோ, கேக் அடிக்க மா காணும்" என்று வீடு தேடி வந்தவர்களும் உண்டு. பாதிரியார் மட்டும் பொய் பாவம் என்றார். நற்கருணை அப்பத்துக்கு மா முடிந்த வாரம் அவரும் வந்து, போர் எப்படி இருந்தது என்று பொதுவாக விசாரித்தார்.

அந்த மாவைத் தொடாதவள் பேக்கரி வைத்திருந்த விதவை கத்தரீனா ஒருத்திதான். அவளிடம் பாண் வாங்கப் போய்ப் போய்க் கப்டன் கடைசியில் அவளையே கலியாணம் கேட்டார். கேட்கும்போது கைத் தழும்பைக் காட்டி, எதிரியின் வாள் என்றார். கடைக்குள் மா கொட்டியது. கத்தரீனா தும்மிவிட்டுத் தன் சட்டைக் கையைச் சுருட்டினாள். அதே இடத்தில் அதே தழும்பு.

"உது வாளில்லை, பாண் சுடுற போறணைக் கதவு சுட்டது. அங்கை என்ன வேலை பாத்தனீங்கள்?"

"படைக்குப் பாண் சுட்டனான். நாலு வருசமும்."

மா விழவில்லை.

"சாப்பிடாமல் ஆர் சண்டை பிடிச்சது? அதைச் சொல்ல என்ன வெக்கம்?" என்றாள் அவள். "என்னிலை விருப்பம் எண்டதைக் கோயில்லை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ. ஒரு துளி விழுந்தாலும் நான் வீட்டை போயிடுவன்."

கலியாணத்துக்கு ஊரே சாக்கோடும் அரிதட்டோடும் வந்தது. இவளை நேசிக்கிறீரா என்று பாதிரியார் கேட்டபோது சனம் மாப்பிள்ளையை விட்டு முகட்டைப் பார்த்தது, கத்தரீனாவும் பார்த்தாள். கப்டன் "ஓம்" என்றார். ஒன்றும் விழவில்லை. சனம் வெறும் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கைதட்டியது.

முப்பத்தொரு வருடம் இருவரும் சேர்ந்து பாண் சுட்டார்கள். கப்டன் போர்க்கதையை அடியோடு விட்டார். மா முடிந்துபோகும் நாட்களில் மட்டும் கத்தரீனா தன் புதுத் தொப்பி எப்படி என்று அவரிடம் கேட்பாள். கீழே அண்டாவை வைத்துவிட்டுத்தான் கேட்பாள்.