டீசல் போட நின்ற இடம்

பியூலா வெள்ளைச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கார் சாவியை எடுத்தபோது, கூடத்தில் பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்திருந்தது.

"எங்க கெளம்பிட்டே?" என்று ஹெப்ரான் வாசலை மறித்து நின்றார். பியூலாவின் கணவர் கிருபைராஜின் பெரியப்பா மகன் அவர். அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொல்கிறபடிதான் நடக்கும்.

"உவரிக்கு, அத்தான். வினோலியாவக் கூட்டிட்டு வந்திருதேன்."

ஹெப்ரான் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். ஃப்ரீசர் பெட்டிக்குள் கிருபைராஜ் கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார். பெட்டியின் தலைமாட்டில் மகள் கரோலின் உட்கார்ந்திருந்தாள்.

"புருசன் பொணத்த வீட்டுல வச்சிட்டு எவளாவது கார் ஓட்டிட்டுப் போவாளா? ஊரு என்ன சொல்லும்? கல்யாணத்துக்குத்தான் அழைக்கணும். சாவுக்குக் கேள்விப்பட்டு வரணும்."

"போன தடவ அவ கேள்விப்படவே இல்லயே, அத்தான்."

கிருபைராஜின் தங்கை வினோலியா உவரிக் கடற்கரையில் வேறு சபைக்காரனான ஒரு கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டு போனதில் வந்த பிணக்கு, அவள் அப்பா இறந்த அன்றும் தீரவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் அவளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் செய்யச் சொன்னவர் ஹெப்ரான். பேசாமல் இருந்தவர் கிருபைராஜ். வாசல் வரை வந்த வினோலியா, உள்ளே நுழையாமல், "எங்கப்பா மொகத்தக்கூட எனக்குக் காட்டலேல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனாள். அதோடு சரி. நேற்று இரவு பியூலா நான்கைந்து முறை போன் செய்தும் அவள் எடுக்கவில்லை.

"டிரைவர் யாரையாவது அனுப்புவோம்."

"டிரைவர் போய்க் கூப்பிட்டா அவ வரமாட்டா."

கரோலின் தலையை நிமிர்த்தினாள். "நீ போயிட்டு வாம்மா. அப்பாட்ட நான் இருக்கேன்."

ஹெப்ரான் ஒதுங்கி வழிவிட்டார்.

உவரியில் வினோலியா வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கார் நிற்பதைப் பார்த்தாள். இறங்கி வருகிறவளைப் பார்த்தாள். வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்ப?"

"நேத்து சாயந்தரம். ரெண்டு வாரமா ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு. ஈரல் கெட்டுப்போச்சின்னாங்க."

"மண்ணு போட்டாச்சா?"

அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது என்று பியூலாவுக்குத் தோன்றியது. "இல்ல. நாலு மணிக்குத்தான் அடக்கம். அதான் நானே வந்தேன்."

வினோலியா கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவினாள். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினாள். அவள் புருஷன் மத்தியாஸ் கடலுக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தவள், முன்கதவுப் பக்கம் போகவில்லை. பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

பனைகளும் சிவந்த தேரிமண்ணும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் வினோலியா வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். திசையன்விளை நெருங்கும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பியூலாவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் டீசல் முள் அடியில் கிடப்பதைக் கண்டாள்.

இந்தக் கார் வாங்கிப் பதினோரு வருஷம். பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் அவள் ஓட்டாத நாள் குறைவு. ஆனால் ஒரு தடவைகூட டீசல் போட்டதில்லை. டேங்க் எப்போதும் நிரம்பியே இருக்கும். கிருபைராஜ் எப்போது கொண்டுபோய்ப் போடுகிறார் என்று கேட்டதும் இல்லை. இந்த இரண்டு வாரமும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட்டித் திரிந்ததில் முள்ளைப் பார்க்கும் நினைப்பே வரவில்லை.

ஏசியை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினாள். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அக்கா, டேங்க் அந்தப் பக்கம்லா இருக்கு" என்றாள் குழாயைக் கையில் வைத்திருந்த பெண். "வண்டியத் திருப்பிட்டு வாங்க. மீட்டர்ல எண்ணெய்ப் படத்துக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்கும். அது காட்டுத பக்கந்தான் டேங்க்."

பியூலா குனிந்து பார்த்தாள். இடப்பக்கமாக ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. பதினோரு வருஷமும் அது அவள் கண்முன்னால்தான் இருந்திருக்கிறது.

திருப்பிக் கொண்டுவந்து என்ஜினை அணைத்தாள். டேங்க் மூடியைத் திறக்கக் காலடியில் தடவி ஒரு பிடியை இழுத்தாள். முன்னால் பானட் தூக்கிக்கொண்டு நின்றது. பின்னால் வந்து நின்ற வேன்காரன் ஹாரன் அடித்தான். இறங்கிப்போய் பானட்டை அமுக்கி மூடிவிட்டு வந்தாள். சீட்டுக்கு வலப்பக்கம் தரையை ஒட்டி இன்னொரு பிடி இருந்தது. அதை இழுத்தாள். டக்கென்று சத்தம் கேட்டது. மூடி திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். சத்தம் மட்டும்தான் வந்தது.

"சில வண்டிக்கு இப்படித்தான், ரப்பர் ஒட்டிக்கிடும்" என்றாள் பங்க் பெண். "ஒருத்தர் வெளிய மூடிய அமுக்கணும், அந்நேரம் ஒருத்தர் உள்ள இழுக்கணும். இந்த வேனுக்குப் போட்டுட்டு வாரேன், பொறுங்கக்கா."

ஒவ்வொரு தடவையும் கிருபைராஜ் தனியாக இதை எப்படித் திறந்தார்? யாரைக் கூப்பிட்டு அமுக்கச் சொல்லியிருப்பார்? வீட்டில் இனி இதை யாரிடம் கேட்பது? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கலங்கித் தெரிந்தது.

பின்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் காரின் பின்பக்கமாகப் போய் நின்றது.

"மைனி."

பியூலா திரும்பவில்லை. அண்ணியை அழைக்கும் அந்த வார்த்தையை அவள் கேட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

"மைனி, நான் அமுக்கிக்கிட்டிருக்கேன். மெதுவா இழுங்க."

இழுத்தாள்.

"இன்னொருக்க. இப்ப."

மூடி திறந்தது. வினோலியா உள்மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. பங்க் பெண் வந்துவிட்டாள்.

"டீசலாக்கா, பெட்ரோலா?"

"டீசல்." அது மட்டும் பியூலாவுக்குத் தெரியும்.

"எவ்வளவுக்கு?"

வழக்கமாக எவ்வளவு போடுவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. "நிறைச்சிரு" என்றாள்.

"ஜீரோ பாத்துக்கோங்க."

எண்கள் ஓடின. இரண்டு பேரும் காரின் ஓரமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய் தானாகவே டக்கென்று நின்றது. வினோலியா உள்மூடியை வைத்துச் சத்தம் வரும்வரை திருகினாள். பிறகு வெளிமூடியை உள்ளங்கையால் அழுத்தினாள். கை முழுக்கக் கறுப்பாகியிருந்தது. பியூலா முந்தானையை நீட்டினாள்.

"வெள்ளச் சேலை மைனி."

"இருக்கட்டும், தொடச்சிக்கோ."

வினோலியா அதில் துடைக்கவில்லை. தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். இந்த முறை முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

இட்டமொழி தாண்டிய பிறகு கேட்டாள். "கடசியா ஏதும் பேசுச்சா அண்ணன்?"

"தண்ணி கேட்டாரு. குடுக்கக் கூடாதுன்னாங்க. பஞ்சுல நனைச்சு ஒதட்டுல வச்சேன்."

"என்னக் கேட்டுச்சா?"

'கேட்டாரு' என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். இனி அதை மறுக்க ஆளும் இல்லை. பியூலா சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள்.

"இல்ல வினோ. யாரையுமே கேக்கல. கரோலினக்கூட."

வினோலியா தலையை ஆட்டினாள். கொஞ்சதூரம் போனதும், "சின்னதுலயும் அப்படித்தான்" என்றாள். "காய்ச்சல் வந்தா செவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடும். யாரு கூப்பிட்டாலும் திரும்பாது. அம்மா அடிக்கக்கூடச் செய்வா." சிரிக்கத் தொடங்கிய முகம் பாதியில் கோணியது. சேலையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பியூலா வண்டியை நிறுத்தவில்லை. ஒரு கையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். கியர் மாற்ற வேண்டிய இடம் வரும்வரை அது அங்கேயே இருந்தது.

பாளையங்கால்வாயைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியபோது பந்தலில் பாதி நாற்காலிகள் நிறைந்திருந்தன. கார் நிற்கும் முன்பே ஹெப்ரான் எழுந்துவிட்டார். வினோலியா இறங்கி அவர் முன்னால் ஒரு கணம் நின்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின் பந்தலில் நின்றவர்களைப் பார்த்து, "கொஞ்சம் வழி விடுங்கப்பா, தங்கச்சி வந்திருக்கா" என்றார்.

வினோலியா படியேறிப் போனாள். கரோலின் எழுந்து தலைமாட்டு நாற்காலியை அத்தைக்கு விட்டாள். பெட்டியின் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. வினோலியா அதைத் துடைத்துவிட்டுக் குனிந்தாள். உள்ளே பாட்டு நின்றிருந்தது.

பியூலா காரைப் பூட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள். படிக்குக் கீழே ஏகப்பட்ட செருப்புகள் கிடந்தன. வினோலியா உதறிவிட்டுப் போனதில் ஒன்று குப்புறக் கிடந்தது. அதன் அடியில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. பியூலா குனிந்து அதைத் திருப்பி மற்றதோடு சேர்த்து வைத்தாள். தன்னுடையதை அதற்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.