டிப்பருக்குக் கழிப்பு

காக்கிச் சட்டை போட்டவனுக்குக் கோபம் ஆகாது என்று டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்தார்கள். சொன்னவருக்கு என்ன, அவர் தொப்பையைத் தடவிக்கொண்டு ரிட்டையர் ஆகிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வரும். தாண்டவராயன் செத்த நாளிலிருந்து அது என்னை ஒரு வாய்ச் சோறு ஒழுங்காகத் தின்னவிடவில்லை.

தாண்டவராயனும் நானும் ஒரே ஸ்டேஷன், ஒரே ரோந்து, ஒரே பைக். நான் ஏட்டு, அவன் கான்ஸ்டபிள். அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து ஊர் நியாயமெல்லாம் பேசிக்கொண்டு வருவேன். என் பேச்சை அலுக்காமல் கேட்ட ஒரே ஜீவன் அவன்தான், என் பெண்டாட்டிகூட அதற்கு லாயக்கில்லை. ஆற்று மணல் திருடுகிற வண்டியைக் கண்டால் எனக்கு ஆகாது. எவன் போன் போட்டாலும் விடமாட்டேன். "ஏட்டுக்கு மணல் பைத்தியம்" என்று ஸ்டேஷனில் எல்லோரும் சிரிப்பார்கள். தாண்டவராயன் மட்டும் சிரிக்க மாட்டான். "நீ பண்றதுதாண்ணா கரெக்டு" என்பான்.

அன்று காலை நாங்கள் மானாம்பதி பக்கம் போக வேண்டியது. திடீரென்று எனக்குத்தான் தோன்றியது, காவாந்தண்டலம் ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று.

"இன்னிக்கு வாணாண்ணா. நாஷ்டா துன்னுட்டு அப்பறமா போலாம்" என்றான்.

"நாஷ்டா எங்க ஓடிடப் போவுது? உடு வண்டிய."

ஏரிக்கரை வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற டீக்கடையில் பைக்கை நிறுத்தினான். "நீ டீ சொல்லிக்கினு இரு, நான் வளைவாண்ட பாத்துட்டு வந்துடறேன்" என்று போனான். நடந்து போகவில்லை, ஓடினான். பையனுக்கு என்ன ஒரு கடமை உணர்ச்சி என்று நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீ கைக்கு வருவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போனபோது ஒரு டிப்பரின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. வயலுக்குள் போகிற மண் ரோட்டில் திரும்பிப் புழுதியில் மறைந்துவிட்டது. தாண்டவராயன் ரோட்டோரம் கிடந்தான். தலையை எடுத்து மடியில் வைத்தேன். "அண்ணா" என்றான். அதோடு சரி.

குண்டு முழங்க அடக்கம் செய்தோம். அவன் பெண்டாட்டி தேவயானி, ஊரே பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. "எவனா இருந்தாலும் சரி தேவயானி, அவனயும் அந்த வண்டி ஓனரயும் நான் உடமாட்டேன். இது என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றேன். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். பாவம், துக்கம் என்று நினைத்தேன்.

ஸ்டேஷனில் என்ன செய்தார்கள் தெரியுமா? 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதி மூடினார்கள். கேமராவைப் பார்க்கலாம் என்றேன், ரிப்பேர் என்றார்கள். லாரி ஷெட்டுகளில் தேடலாம் என்றேன், ஆள் இல்லை என்றார்கள். நேற்றுவரை அவன் தோளில் கை போட்டவர்கள் என்னைக் கண்டதும் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் தனியாகக் கூப்பிட்டு, "கன்னியப்பா, வீட்டுக்குப் போய் நாலு நாள் நல்லாத் தூங்கு" என்றார். கூட இருந்தவன் செத்திருக்கிறான், என்னைத் தூங்கச் சொல்கிறார். மணல்காரன் ஸ்டேஷனையே விலைக்கு வாங்கிவிட்டான் என்று முடிவு செய்தேன். இனி எவனையும் நம்பிப் பிரயோசனமில்லை.

ஆனால் நான் இந்த மண்ணில் பிறந்தவன். ஆளை அடித்த வண்டியை எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் அப்படியே எடுத்து ஓட்டமாட்டார்கள். ஓட்டினால் அது இன்னொரு காவு கேட்கும் என்று பயம். முனீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோய், சேவல் அறுத்து, ரத்தத்தைச் சக்கரத்தில் தடவி, பூசணிக்காய் உடைத்துக் கழிப்புக் கழிக்க வேண்டும். அப்போது ஓனர் வந்து சக்கரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் மச்சான் பேர், மாமியார் பேர் என்று எதை வேண்டுமானாலும் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸை ஏமாற்றலாம். முனீஸ்வரன் முன்னால் பினாமி செல்லாது. உண்மையான ஓனர் நிற்காவிட்டால் தோஷம் அவன் வீடு தேடி வரும் என்று நம்புகிறவர்கள். போலீசுக்குப் பயப்படாதவன்கூட இதற்குப் பயப்படுவான்.

சுற்றுவட்டத்தில் லாரிக்காரர்கள் போகிற முனீஸ்வரன் ஒன்றுதான், வறண்ட ஏரியை ஒட்டிப் பனைமரங்களுக்கு நடுவில் இருக்கிறார். அமாவாசையன்றுதான் கழிப்புக் கழிப்பார்கள், அன்று லீவு போட்டேன். கைலியும் பழைய சட்டையும் மாட்டிக்கொண்டு, லத்தியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, விடிந்ததும் போய்ப் பனைமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். துப்பாக்கி எங்கள் கைக்கு எங்கே கொடுக்கிறார்கள்? கொடுத்திருந்தால் அன்றைக்கு நான் கொலைகாரன் ஆகியிருப்பேன்.

வெயில் ஏறியதும் டிப்பர் வந்தது. முன் பம்பர் புதிது, மற்றதெல்லாம் பழசு. டிரைவர் சேவலோடு இறங்கினான். வீராசாமி என்று பெயர், ஒரு தடவை நானே அவனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறேன்.

"ஓனரு எங்கடா?" என்று பூசாரி கேட்டார்.

"ஆட்டோல வந்துகினு கீறாங்க. நீ ஆவ வேண்டியதப் பாரு."

ஓனர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீராசாமி குனிந்து அந்தச் சக்கரத்துக்குச் சந்தனம் வைத்தான். அந்தச் சக்கரத்துக்கு. எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. லத்தியோடு பாய்ந்தேன்.

அவன் என்னைப் பார்த்ததும் சேவலை என் முகத்தில் விட்டெறிந்துவிட்டு ஏரிக்குள் ஓடினான். அது முழுக்கச் சீமைக்கருவேல முள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஓடினேன். செருப்பு ஒரு பக்கம் போனது, முள் காலைக் கிழித்தது. எனக்கு வயதுமாகிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. அன்றைக்கு அதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மதகுக்கருகில் அவன் தடுக்கி விழுந்தான். மேலே விழுந்து அமுக்கினேன். என் கை ஓயும்வரை அடித்தேன். அவன் திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏட்டய்யா, வேணும்னு பண்லிங்க" என்று அழுதான்.

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினேன். அங்கே ஓர் ஆட்டோ நின்றிருந்தது. டிப்பருக்குப் பக்கத்தில் தட்டோடு தேவயானி நின்றிருந்தாள்.

எப்படியோ விஷயம் தெரிந்து என்னைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "இன்னாமா நீ இங்க வந்துகீற? புருசன் செத்து வருசம் திரும்பாத கோயில மெறிக்கக் கூடாதும்மா. தபாரு, புடிச்சிட்டேன். இவந்தான். ஓனரும் இப்ப வருவான், அவனயும் இங்கயே வெச்சு..."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசாரிதான் வாயைத் திறந்தார். "அவங்கதாம்பா ஓனரு. புருசன் செத்துட்டாரு, அப்ப பொண்டாட்டிதான் நிக்கணும். சாமி முன்னாடி ஆள மாத்த முடியாதே."

வீராசாமியின் சட்டையிலிருந்து என் கை தானாக விட்டுப்போனது. அவன் ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து சொன்னான்: "சாரோட வண்டிங்க இது. தெனம் விடிகாலைல அந்த வளைவாண்ட நின்னு லோடு அனுப்பிட்டுத்தான் டூட்டிக்கு வருவாரு. அன்னிக்கு நான் லேட்டு. எனக்கோசரம் இன்னும் நிக்கறாருன்னு நெனச்சேன். நடு ரோட்டுல வந்து கைய ஆட்னாரு. தள்ளிக்குவாருன்னு வந்தேன். லோடு வண்டிங்க, பிரேக்கு போட்டும் நிக்கல."

"எதுக்குடா நடு ரோட்டுக்கு வந்தான்?" என்று கத்தினேன்.

"நீ கடைல கீறேன்னு சொல்லத்தாண்ணா" என்றாள் தேவயானி. "வண்டிய நீ பாத்துடக் கூடாதுன்னு ஓடியிருக்காரு. எவனுக்கும் பயப்படாத மனுசன் உனக்குத்தான் பயந்துகினு கெடந்தாரு. அண்ணனுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்காதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

பைக்கில் என் முன்னால் உட்கார்ந்து, என் பேச்சுக்கெல்லாம் 'ஆமாண்ணா, ஆமாண்ணா' என்று தலையாட்டியவன். நான் எந்த வண்டியைப் பிடிக்கப் போகிறேன் என்று முதலில் தெரிந்துகொண்டவன். இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கி முன்னால் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான். அந்த நிமிஷம் அவன் உயிரோடு எழுந்து வந்திருந்தால் முதலில் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். பிறகு பல் உடைய அறைந்திருப்பேன். எவன் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"வாரிசு வேலைக்கு எழுதிக் குடுத்துகீறேண்ணா" என்றாள் அவள். "டூட்டில செத்தாருன்னு கீது. நீ இத்த வெளிய சொன்னா எல்லாம் பூடும். உட்டுடுண்ணா. உன் கால்ல வேணா வுயறேன்."

கொஞ்சம் தள்ளிப்போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். அவர்மீது எனக்கு இருந்த சந்தேகத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது.

"சார், தாண்டவராயன அடிச்ச வண்டி கெடச்சிடுச்சு. டிரைவரும் கெடச்சிட்டான். முனீஸ்வரன் கோயிலாண்ட கீறேன்."

அவர் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொண்ணும் அங்கதான் இருக்குதா?"

அங்கே ஒரு பெண் இருப்பதாக நான் சொல்லவே இல்லை.

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

"ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியும்யா. உனக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு அவன் எங்க எல்லார்கிட்டயும் கெஞ்சி வெச்சிருந்தான். அதனாலதான் கேஸ மூடுனோம். செத்தவன் பேரு கெடக் கூடாது, அந்தக் குடும்பம் நிக்கணும். டிரைவர விட்டுட்டுக் கெளம்பி வா."

எல்லோருக்கும் தெரியும். சிரித்தவர்கள், செல்போனைப் பார்த்தவர்கள், எல்லோருக்கும். அவர்கள் சிரித்தது மணலைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. இப்போது அவன் பேருக்காக என்னையும் அவர்களோடு சேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். போனை வைத்துவிட்டேன்.

ஸ்டேஷனுக்குச் சொன்னால் புதைத்துவிடுவார்கள். அதனால், பாமர ஜனம் செய்கிற மாதிரி, நூறுக்கு அடித்தேன். அங்கே பேசுவதெல்லாம் பதிவாகும், எவனாலும் அழிக்க முடியாது. தேவயானிக்குப் புரிந்துவிட்டது. தட்டைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணா, வாணாம். அவரு உன் தம்பி மாதிரிண்ணா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

கண்ட்ரோல் ரூமில் ஒரு பெண் போலீஸ் எடுத்தார். ஆளை அடித்துவிட்டு ஓடிய வண்டி இது என்றேன். நம்பரைச் சொன்னேன். டிரைவர் பெயரைச் சொன்னேன். ஓனர் பெயரைக் கேட்டார், உண்மையான ஓனர் பெயரைச் சொன்னேன். செத்தவர் பெயரைக் கேட்டார், அதே பெயரைத் திரும்பச் சொன்னேன். அந்த அம்மா பெயரை மறுபடி ஒரு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவுங்க?"

தேவயானி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூட வேலை செஞ்சவருங்க" என்றேன்.