சனிக்கிழமைப் பழம்

ஏற்காடு சாலையிலிருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பன்னிரண்டு குரங்குகள். அங்காளம்மாளுக்கு உலகத்தில் பேச்சுத்துணை அவைதான். புருஷன் போய்ப் பதினோரு வருஷம். மேட்டூரில் இருக்கும் மகளிடமிருந்து தீபாவளிக்குக் கடிதம் வரும், வந்தால் உண்டு. மற்றபடி கூண்டு கூட்டி, தண்ணீர் வைத்து, வாய் ஓயாமல் குரங்குகளோடு பேசிக் காலத்தைத் தள்ளினாள்.

முன்வரிசை ஆறுக்கும் வெறும் தண்ணீர். பின்வரிசை ஆறுக்கும் டாக்டர் கந்தவேல் கண்டுபிடித்த சர்க்கரை நோய் மருந்து. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார். இரண்டு வருஷமாகப் பின்வரிசைக்குத்தான் சர்க்கரை குறைவு. டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எண்பத்து மூன்று ஆவணியில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அங்குள்ள ஆராய்ச்சிக்கூடத்தில் அதே மருந்தை அதே அளவு கொடுத்துப் பார்த்தார்களாம், ஒரு மாற்றமும் இல்லையாம். டாக்டர் மூன்று நாள் சோறு இறங்காமல் நோட்டுகளைப் புரட்டினார். கொட்டகையைக் கூட்டுகிறவளைக் கேட்க வேண்டும் என்று படித்தவர்களுக்கு நான்காம் நாள்தான் தோன்றும்.

"அங்காளம்மா, சனிக்கெழம காத்தால நான் வாரதுக்கு முன்னால இங்க என்ன நடக்குதுங்க? நாளைக்கு மனுசங்க குடிக்கற மருந்து. ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னால் வேலை போகும். வேலை போனால் பேச யார் இருக்கிறார்கள்? மறைத்தால் குரங்கா வந்து காட்டிக்கொடுக்கும்? ஆனால் அந்த மனிதர் முகம் பாதியாகிக் கிடந்தது.

"சனிக்கெழம ஆஞ்சநேயருக்கு உகந்த நாளுங்க சாமி. அர டசன் பழம் வாங்கியாந்து முன்வரிசைக்கு ஆளுக்கு ஒண்ணு குடுப்பனுங்க. பின்னால இருக்கறதுகளுக்குப் பத்தாதுங்க."

டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வெறும் வயித்துல இருக்கோணும்னு உங்ககிட்ட நான் சொன்னதே இல்ல. மருந்துக் குரங்கையெல்லாம் ஒரே வரிசைல வெச்சதும் நான்தானுங்க," என்றார் கடைசியில்.

நடந்ததை ஒளிக்காமல் சென்னைக்கு எழுதினார். சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கூண்டுகளை இடம் மாற்றினார். எது மருந்து, எது தண்ணீர் என்று தனக்கே தெரியாதபடி வேறொருவரை விட்டுப் புட்டிகளில் எண் ஒட்டச் சொன்னார். அங்காளம்மாளின் வேலை தப்பியது. சனிக்கிழமை மட்டும் வரக்கூடாது. அவளைக் கண்டு பழத்துக்காகக் குரங்குகள் துள்ளிக் கத்தினாலே சர்க்கரை ஏறுமாம்.

முதல் சனிக்கிழமை பழக்கதோஷத்தில் ஆறு மணிக்கே பழத்தோடு வந்துவிட்டாள். பூட்டிய கேட்டுக்கு அந்தப்புறம், அவள் செருப்புச் சத்தம் கேட்டு ஒன்று குரல் கொடுத்தது. "வந்துட்டேன் சாமி" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள்.